துளசிமணி அக்கா ரோட்டைத்தான் பார்த்தார்

மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருப்பவரை நடுவில் கூப்பிடக் கூடாது என்பது நம் பட்டறையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எண்ணிக்கை விட்டுப்போனால், சுற்றிய செம்புக் கம்பியை முழுக்கப் பிரித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால்தான் போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் மேஸ்திரி பழனிச்சாமி அண்ணன் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து எதுவும் பேசாமல் நின்றார். நான் முப்பத்தொன்றில் இருந்தேன். ஐம்பத்தாறில் முடிய வேண்டும். எப்போதும் காதில் செருகியிருக்கும் பென்சில் அன்று அவர் கையில் இருந்தது. அதை உருட்டிக்கொண்டே நின்றார். என்னவோ நடந்துவிட்டது என்று நாற்பதிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. இருந்தாலும் ஐம்பத்தாறு வரை சுற்றி, முனையை முறுக்கி, கம்பியை வெட்டினேன். அதற்குப் பிறகுதான் அவர் சொன்னார்.

“துளசிமணி போயிருச்சு கண்ணு. காங்கேயத்துல இருந்து இப்பத்தான் போன் வந்துச்சு. காமாலை முத்திப்போச்சாமா.”

நான் அடுத்த காயிலுக்குக் கம்பியை மாட்டினேன். அழவில்லை. நான் உட்கார்ந்திருந்தது துளசியக்காவின் ஸ்டூல். அதில் உட்கார்ந்துகொண்டு அவருக்காக அழ எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன்.

அன்று மதியம் நீங்கள் எல்லாரும் வேன் பிடித்துக் காங்கேயம் போனீர்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு நான் வரவில்லை. எனக்குத் தலை வலிக்கவில்லை.

மறுநாள் பழனிச்சாமி அண்ணன் என்னைக் கூப்பிட்டு, “அடுத்த வெள்ளிக்கெழமை மத்தியானம் படத்துக்கு மாலை போடலாம்னு இருக்கறோம். நாலு வரி எழுதிக் குடு கண்ணு. உன்ற கையெழுத்துத்தான் பாக்கற மாதிரி இருக்குது” என்றார். ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன என்னிடம் பள்ளிக்கூடத்தின் மிச்சம் அந்தக் கையெழுத்து ஒன்றுதான். நாலு பேருக்கு முன்னால் நின்று படிக்க என்னால் ஆகாது என்று அவருக்கும் தெரியும். “நீ எழுது. ஜெசிந்தா படிச்சுக்கட்டும்” என்றார்.

ஜெசிந்தாக்கா, இது நாலு வரி இல்லை. நடுவில் உங்களுக்கு என்மேல் கோபம் வந்தாலும் நிறுத்தாமல் கடைசி வரை படித்துவிடுங்கள்.

உங்களில் பலருக்குத் துளசியக்காவைப் பட்டறைக்குள் தெரியும். எனக்கு அவரை முதுகுப் பக்கமாகத்தான் அதிகம் தெரியும். சிங்காநல்லூரில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் கடைசி அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். ஒன்றேகால் வருடத்துக்கு முன்னால், முதல் நாள் காலையில், சிவப்பு லேடீஸ் சைக்கிளைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தி, “ஏறு கண்ணு, ஒட்டுக்காப் போயிரலாம்” என்றார். அன்றிலிருந்து தினமும் பீளமேடு வரை அவர் மிதிக்க, நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்து வந்தேன். யார் முகத்தையும் பார்த்துப் பேச எனக்கு வராது. கேரியரில் உட்கார்ந்தால் எதிரில் முகம் இல்லை, முதுகுதான் இருக்கும். அந்த முதுகிடம் நான் என்னென்னவோ பேசியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டபோது புத்தகப் பையை என்ன செய்தேன் என்பதைக்கூட அந்த முதுகிடம்தான் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். “ம்” என்பார். மேடு வந்தால் மட்டும், “பேச்சை நிறுத்து கண்ணு, நீ பேசுனா எச்சா கனக்கற” என்பார்.

சைக்கிள் ஓட்டத் தெரிந்த அளவுக்கு அதைப் பராமரிக்க எங்கள் இருவருக்குமே தெரியாது. துளசியக்காவுக்கு எல்லாவற்றுக்கும் மருந்து தேங்காய் எண்ணெய்தான். காங்கேயம் பக்கத்துக்காரர், ஊரிலிருந்து அவருடைய அம்மா செக்கில் ஆட்டிய எண்ணெயை பாட்டில் பாட்டிலாகக் கொடுத்துவிடுவார். நான் வேலைக்குச் சேர்ந்த கார்த்திகை மாதத்தில் பின்சக்கரத்து ஃப்ரீவீலில் கரகரவென்று சத்தம் வந்தது. சைக்கிள் கடைக்குப் போவானேன் என்று அரைக் கரண்டி தேங்காய் எண்ணெயை அதற்குள் ஊற்றினார். சத்தம் அடங்கிவிட்டது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்கழி பிறந்த மூன்றாம் நாள் காலையில் ஏறி மிதித்தால், பெடல் பாட்டுக்குச் சுற்றுகிறது, சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. முன்னாலும் சுற்றுகிறது, பின்னாலும் சுற்றுகிறது. வீட்டில் பாட்டிலுக்குள் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தோம். அதே எண்ணெய்தான் சக்கரத்துக்குள்ளும் இருக்கிறது என்பது எங்களுக்குத் தோன்ற வெகுநேரம் ஆயிற்று. டீக்கடை வரை தள்ளிக்கொண்டு போய், பின்சக்கரம் வெயிலைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி, உருகட்டும் என்று இருவரும் காத்து நின்றோம். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் என்ன என்று கேட்டார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அக்கா அசரவில்லை. “நமக்கே குளிருது, அதுக்குக் குளிராதுங்களா” என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார்.

முக்கால் மணி நேரம் தாமதமாக வந்து, பழனிச்சாமி அண்ணன் காரணம் கேட்டபோது, “சைக்கிள் உறைஞ்சுபோச்சுங்க” என்று அவர் சொன்னதும் நீங்கள் சிரித்ததும் நினைவிருக்கும். “வர்ற வருசம் அதுக்கொரு ஸ்வெட்டர் பின்னிப் போடு துளசி” என்றார் ஜெசிந்தாக்கா. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் துளசியக்காதான்.

இன்னொரு நாள், டயரில் காற்று குறைவு என்று, மோட்டார்களில் படிந்த தூசியை ஊதும் கம்ப்ரஸர் குழாயை எடுத்து, சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் காற்று அடித்தார். “கல்லாட்ட ஆயிருச்சு பாரு” என்று என் விரலை வைத்து அழுத்திக் காட்டினார். பிறகு சைக்கிளை வெயிலிலேயே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். மூன்று மணிக்கு வெடித்தது. சோதனை மேசையில் மோட்டார்தான் போய்விட்டது என்று பழனிச்சாமி அண்ணன் மெயின் சுவிட்சை அணைக்க ஓடினார். பட்டறை முழுக்க ஒரு நொடியில் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் துளசியக்கா, வகுப்பில் தூக்குகிற மாதிரி, கையைத் தூக்கினார்.

“அது என்ற சைக்கிளுங்க.”

“எப்படி வெடிச்சுது?”

“கம்ப்ரஸர்ல காத்துப் புடிச்சனுங்க.” கை இன்னும் இறங்கவில்லை. “போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வரட்டுங்களா?”

அண்ணனுக்கு அன்று உண்மையிலேயே கோபம். “இனிமேல் பட்டறைச் சாமானம் எதையாச்சும் சைக்கிளுக்குன்னு எவ தொட்டாலும், அன்னைக்கே ஊட்டுக்கு அனுப்பிப்போடுவேன்” என்றார். அக்காவிடம் சொன்னாலும் எங்கள் எல்லாரையும் பார்த்துத்தான் சொன்னார். நான் வேலைக்கு வந்து அப்போது நாலு மாதம். அப்பா காலில் அடிபட்டு வீட்டில் இருந்தார். அந்த வார்த்தை எனக்கு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போகும்போது, எப்படி உங்களால் உடனே கையைத் தூக்க முடிந்தது என்று கேட்டேன். “தூக்கற வரைக்கும்தான் கண்ணு கை கனக்கும். தூக்கிப்போட்டா ஒண்ணுமில்ல” என்றார்.

இனி எழுதப்போவதுதான் நான் எழுத வந்தது.

போன வருடம் ஆயுத பூஜை ஐப்பசியில் வந்தது. பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் எல்லாரும் மேசைகளையும் அச்சுகளையும் துடைத்துக்கொண்டிருந்தோம். வாசலில் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தியிருந்தோம். துளசியக்கா காயில் சுற்றும் மேசைக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவருடைய சைக்கிளைக் கழுவுகிறேன் என்று போனேன். தினமும் என்னைச் சுமக்கிறவருக்கு என்னால் செய்ய முடிந்த ஒரே காரியம் அது என்று நினைத்தேன்.

அந்தச் சைக்கிளின் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கீச்சென்று கத்தும். “பன்னிக்குட்டி கத்துது, துளசி வந்துட்டா” என்று ஜெசிந்தாக்கா சொல்வார். அக்காவும் சிரிப்பார். ஆனால் ஒருநாள் என்னிடம், “ரோட்டுல போறவங்கெல்லாம் திரும்பிப் பாக்கறாங்க, கூச்சமா இருக்குது” என்று சொல்லியிருந்தார். கழுவி முடித்ததும் எனக்கு அது நினைவுக்கு வந்தது. விளக்குக்கென்று அக்கா ஊரிலிருந்து கொண்டுவந்து பட்டறைக்குக் கொடுத்த தேங்காய் எண்ணெய் பாட்டில் சாமி படத்துக்குக் கீழே இருந்தது. யாரும் பார்க்காதபோது அதை எடுத்தேன். துணியில் நனைத்து ஹேண்டில்பார், மட்கார்டு எல்லாம் தடவினேன். ரிம் இரண்டையும் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். பிரேக் கட்டைகளுக்கும் நாலு சொட்டு விட்டேன். மார்கழியில் பட்டது மறந்துவிடவில்லை. உள்ளே ஊற்றினால்தான் உறையும், வெளியே தடவினால் பளபளக்கும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பிரேக் கட்டை ரிம்மைப் பற்றித்தான் சைக்கிளை நிறுத்துகிறது என்பதை ஒரு வருடம் அந்தச் சைக்கிளில் போன பிறகும் நான் கவனித்ததில்லை.

நிறுத்தி வைத்த சைக்கிளின் பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். சத்தம் இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் அந்தச் சைக்கிளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தபோது, “கல்யாணப் பொண்ணாட்ட இருக்குது” என்று பழனிச்சாமி அண்ணனே சொன்னார். துளசியக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். வழக்கப்படி அன்று யாரும் எதையும் எடுக்காமல் பட்டறையிலேயே விட்டுவிட்டுப் போனோம். விஜயதசமி அன்று வந்து, பெயருக்கு ஆளுக்கொரு காயில் சுற்றிவிட்டு, பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு மதியம் கிளம்பினோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் அந்தச் சைக்கிளை வெளியே எடுத்தோம்.

பட்டறையிலிருந்து பழைய மில்லின் மதில் வரை சமமான ரோடு. பிரேக் தேவைப்படவில்லை. மதிலை ஒட்டி இறக்கம் ஆரம்பிக்கும். கீழே திருப்பத்தில் கல்யாண மண்டபம். அன்று அங்கே கல்யாணம். சாப்பிட்டு முடித்தவர்கள் ரோடு வரைக்கும் நின்றுகொண்டிருந்தார்கள், குழந்தைகளும் இருந்தார்கள். இறக்கத்தில் பாதி போனபோது அக்காவின் முதுகு விறைத்ததைப் பார்த்தேன். பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தார். சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது.

“பிரேக் புடிக்கல. குதிச்சுப்போடு கண்ணு.”

நான் குதிக்கவில்லை. பயத்தில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். செருப்புக் காலைத் தரையில் தேய்த்து வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டே, “சொன்னாக் கேளு, குதி” என்று முழங்கையால் என்னை இடித்தார். குதித்தேன். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தபோது அவர் மணி அடித்துக்கொண்டே கூட்டத்தை நெருங்கிவிட்டார். கடைசி நேரத்தில் ஹேண்டிலைத் திருப்பி, மதிலோரம் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் போய் ஏறினார். வலது கையை ஊன்றி விழுந்தார்.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். நான் சைக்கிளைத் தூக்கினேன். முன்சக்கரம் கோணியிருந்தது. ரிம்மைத் தொட்ட விரல்களைப் பார்த்தேன். வெயிலில் மினுங்கின. முகர்ந்து பார்க்காமலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று.

அதற்குள் பழனிச்சாமி அண்ணன் ஸ்கூட்டரில் அந்த வழியாக வந்துவிட்டார். “எப்படிம்மா உளுந்தே? பிரேக்குக்கு என்னாச்சு?” என்றார். நான் வாயைத் திறந்தேன். ஊட்டுக்கு அனுப்பிப்போடுவேன் என்ற வார்த்தை நினைவுக்கு வந்ததும் மூடிக்கொண்டேன். துளசியக்கா என்னைப் பார்த்தார். பிறகு மணமக்கள் பெயர் எழுதியிருந்த மண்டபத்து வளைவைப் பார்த்தார். வலியில் வெளுத்திருந்த முகத்தோடு சொன்னார்:

“பிரேக்கெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. மாப்பிள்ள பேரு என்னன்னு படிச்சுட்டே வந்தேன், திருப்பத்தைக் கவனிக்கலீங்க.”

எல்லாரும் நம்பினோம் என்றுதான் எழுத வந்தது. எல்லாரும் நம்பினீர்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சைக்கிளை உறைய வைத்தவர், டயரை வெடிக்க வைத்தவர், அவர் சொன்னால் யார் நம்ப மாட்டார்கள்? செய்த தப்புக்கெல்லாம் கையைத் தூக்கியதால், செய்யாத தப்பும் அவருக்குப் பொருந்திப்போயிற்று.

அதன் பிறகு அது நம் பட்டறையின் பேச்சாகிவிட்டது. யாராவது எண்ணிக்கையை விட்டால், கம்பியை அறுத்துவிட்டால், “ஏனம்மணி, மாப்பிள்ள பேரு படிச்சயா?” என்று கேட்போம். அக்காவுக்கு அப்போது இருபத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை. யாரும் அவரை நோகடிக்கச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஒருமுறை நானே, அப்போது வெட்டிக்கொண்டிருந்த காகிதத்தின் எண்ணிக்கையை விட்டபோது ஜெசிந்தாக்கா அதைக் கேட்டார். எல்லாரும் சிரித்தீர்கள். கையில் மாவுக்கட்டோடு துளசியக்காவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த விபத்தைவிட இந்தச் சிரிப்புத்தான் எனக்கு அதிகமாக நினைவில் வருகிறது.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு முழுதாக மடங்கவில்லை. மோட்டாரின் பள்ளங்களுக்குள் காயிலை மூங்கில் குச்சியால் அழுத்தி இறக்க அந்த மணிக்கட்டு வேண்டும். அவரை லேபிள் ஒட்டும் மூலைக்கு மாற்றினார்கள். அந்தப் பள்ளங்களுக்குள் வைக்கும் காகிதத்தை வெட்டிக்கொண்டிருந்த என்னை அவருடைய ஸ்டூலில் உட்காரச் சொன்னார்கள். “யாரோ உக்கார்றதுக்கு நீயே உக்காரு” என்று சொல்லி, தன் கைக்கென்று செதுக்கி வைத்திருந்த குச்சியையும் கொடுத்தார். “உன்ற கைக்குக் கொஞ்சம் பெருசு. பழகிப்போயிரும்.”

அவருக்குத் தெரியும் என்பது எனக்கு எப்போது உறுதியாயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். கட்டுப் போட்டிருந்த நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லைன் வீட்டுக் குழாயடியில் சைக்கிளைச் சாய்த்துப் போட்டு, இடது கையால் ரிம்மைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சீயக்காய்த் தூள் இருந்தது. மண்ணைப் போக்க யாரும் சீயக்காய் போடுவதில்லை.

“நான் தேச்சுத் தரட்டுங்களாக்கா?” என்றேன்.

“வேண்டாங் கண்ணு. நீ தேச்சா இன்னும் மினுக்கும்.”

என்னைப் பார்க்காமல், சக்கரத்தைப் பார்த்துத்தான் சொன்னார். குரலில் கோபம் இல்லை, கேலி மாதிரிதான் இருந்தது. அவர் முதுகு எனக்கு முன்னால் இருந்தது. எத்தனையோ பேசிய முதுகு. அப்போது கையைத் தூக்கியிருந்தால் அவர் பார்த்திருக்கக்கூட மாட்டார். நான் வீட்டுக்குள் போய்விட்டேன். கட்டுப் பிரித்த பிறகும் நான் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று அடுத்த நாள் சொல்லிவிட்டேன். கை சரியாகி அவர் மறுபடி ஓட்ட ஆரம்பித்த பிறகும், “ஏறு கண்ணு” என்று வாசலில் நிறுத்திக் கூப்பிட்டார். இரண்டு மூன்று நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். என் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாரோ என்னவோ. வரவில்லை.

தை பிறந்ததும் அவருக்குக் கண் மஞ்சளாயிற்று. ஊருக்குக் கிளம்பும்போது பையோடு எங்கள் வாசலில் நின்று, “வாரேன் கண்ணு. சைக்கிள் அறையிலதான் இருக்குது, அப்பப்பக் காத்து மட்டும் பாத்துக்கோ” என்றார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். ஒரு மாதத்துக்கு மேல் அவர் கட்டிலில் கிடந்திருக்கிறார். காங்கேயம் இங்கிருந்து பஸ் இல்லாத ஊர் இல்லை. நான் போகவில்லை.

அண்ணன் கேட்ட நாலு வரியை முதலில் எழுதத்தான் செய்தேன். எப்போதும் சிரித்த முகம், எல்லாருக்கும் உதவும் குணம் என்று எழுதினேன். கையெழுத்து நன்றாகவே இருந்தது. படித்துப் பார்த்தால் அதில் துளசியக்காவும் இல்லை, நானும் இல்லை. கிழித்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தனியாக பஸ் ஏறிக் காங்கேயம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி அவருடைய ஊருக்குப் போனேன்.

துளசியக்காவின் அம்மா மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னார் என்று சொன்னதும், “ஓ, பின்னாலே உக்காந்துட்டு வர்ற புள்ள நீதானா” என்று கூட்டிப்போய் உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் பொதுவாகப் பேசினார். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

“கைய ஒடிச்சுட்டு வந்தப்ப ஊருக்குள்ள என்ன பேசுனாங்க தெரியுமா கண்ணு? கல்யாணமாகாத புள்ள, எவன் பேரையோ படிச்சுட்டு உளுந்துட்டாளாமான்னு. பாக்க வந்தவங்க யாரோ வெளையாட்டாச் சொன்னதுதான். அது ஊடு ஊடாப் போயிருச்சு. எனக்குத் தல நிமிர முடியல. நானும் கேட்டுப்போட்டேன். கட்டில்ல கெடக்கறப்பக்கூடக் கேட்டுப்போட்டேன், உனக்கு வெக்கமா இல்லையாடின்னு.”

“அக்கா என்னங்க சொன்னாங்க?”

“என்னத்தச் சொன்னா. சிரிச்சா.”

என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கையைத் தூக்கினேன்.

“எதுக்குக் கண்ணு கையத் தூக்கற?”

சொன்னேன். விளக்குக்கு வைத்திருந்த எண்ணெய் பாட்டிலிலிருந்து ஜல்லிக் குவியல் வரைக்கும் சொன்னேன். சீயக்காய்க் கிண்ணத்தையும் சொன்னேன். வாழ்க்கையில் ஒருவர் முகத்தைப் பார்த்து நான் அவ்வளவு நேரம் பேசியதில்லை. அந்த அம்மா நடுவில் எதுவும் கேட்கவில்லை. என்னைத் திட்டுவார் என்று இருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தேன்.

“அப்ப அவ மாப்பிள்ள பேரப் படிக்கல?”

“இல்லீங்கம்மா. ரோட்டைத்தான் பாத்தாங்க. அத்தன கூட்டத்துல ஒரு குழந்தை மேல படாமத் திருப்புனாங்க. என்னைய முன்னாடியே எறக்கிவுட்டுட்டாங்க.”

“நல்லாத்தான் ஓட்டியிருக்கா” என்றார். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, மறுபடியும் அதையே சொன்னார். “நல்லாத்தான் ஓட்டியிருக்கா என்ற புள்ள.”

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்தார். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, “சைக்கிளை நீயே வெச்சுக்கோ. இங்க வந்தாத் துருப் புடிக்கும்” என்றார். பிறகு, “எங்கிட்டச் சொன்னது பத்தாது கண்ணு. சிரிச்சவங்ககிட்டயும் சொல்லிப்போடு” என்றார்.

அதைத்தான் இப்போது ஜெசிந்தாக்கா உங்களுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்.

பழனிச்சாமி அண்ணா, பட்டறை எண்ணெயை எடுத்துச் சைக்கிளுக்குப் போட்டவள் நான். நீங்கள் அன்று சொன்ன சொல்லை என்மேல் காட்டினாலும் சரி, ஏன் என்று கேட்க மாட்டேன். அந்த ஸ்டூலை வேறு யாருக்குக் கொடுத்தாலும் சரி. மூங்கில் குச்சியை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். பிடியில் அவருடைய கட்டைவிரல் பதிந்து பதிந்து ஒரு குழி இருக்கிறது. என் விரல் இன்னும் அதில் பொருந்தவில்லை.

சைக்கிளும் என்னிடம் இருக்கிறது. இன்று காலையில் பிரேக் கட்டைகளை மாற்றினேன், ரிம்மைச் சீயக்காய் போட்டு இரண்டு முறை கழுவினேன். மறுபடியும் கத்துகிறது. ஆனால் பிடிக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து அதில்தான் வருவேன். வாசலில் அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டால் துளசியக்கா வந்துவிட்டதாக ஒரு நிமிடம் உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றும். அதற்குப் பிறகு, மாப்பிள்ளை பெயர் படித்தாயா என்று கேட்டுச் சிரிப்பதாக இருந்தால், என்னைப் பார்த்துக் கேளுங்கள். அந்தப் பேச்சு என்னுடையது. அதை இத்தனை நாள் அவர் சுமந்தார்.